கடல் கயாக்கில் சாமான் அடுக்குவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமா? தண்ணீர்ப் பை முதல் ரேடியோ வரை எது எங்கே இருக்க வேண்டும்?

ஐந்து மீட்டர் நீளம், 55 சென்டிமீட்டர் அகலம். நடுவில் ஒரு ஆள் இடுப்பைச் செருகி உட்கார ஒரு குழி. கடல் கயாக் என்பது ஏறத்தாழ இவ்வளவுதான். ஆனால் கோடைக்காலத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போனால், இந்த ஒல்லிப் படகுக்குள் கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, ஐந்து நாள் சாப்பாடு, 20 லிட்டர் தண்ணீர் என்று ஒரு சின்னக் குடித்தனத்தையே ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகிறவர்களைப் பார்க்கலாம்.

இவ்வளவும் உள்ளே போகுமா என்பதுதான் முதல்முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி. தாராளமாகப் போகும். அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு. படகு கவிழ்ந்தால் அந்தச் சாமான் எங்கே இருக்கும்? நீங்கள் எங்கே இருப்பீர்கள்? காற்று பலமாக வீசும்போது அந்தப் பாரம் படகை எந்தப் பக்கம் திருப்பும்? இதற்கெல்லாம் பதில் கரையிலேயே, சாமான் அடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கடலில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

எந்தக் கயாக் இது?

நம்ம ஊர் சுற்றுலா இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கயாக்குகளில் பல, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. பிளாஸ்டிக் உடம்பு முழுக்க மூடியிருக்கும், அதன் முதுகில் நாம் உட்காருவோம். அலை மேலே ஏறினாலும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே தண்ணீர் தானாகவே இறங்கிவிடும். இந்த விஷயத்தில் அது கட்டுமரத்துக்குச் சொந்தக்காரன். கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்ப வயிறே கிடையாது, அதனால் நிரம்பி மூழ்கும் பயமும் கிடையாது.

கடல் கயாக் வேறு ரகம். இதில் ஆள் படகுக்கு உள்ளே உட்காருகிறார். இடுப்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு துணியைக் கட்டி, அதன் விளிம்பைக் குழியின் ஓரத்தில் மாட்டிவிடுவார்கள். ஸ்ப்ரே டெக் என்று பெயர். அலை மேலே அடித்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. இந்த யோசனை கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்களுடையது. கடல்நாய்த் தோல் போர்த்திய தங்கள் கயாக்கோடு அவர்களுடைய மேல்சட்டையும் இணைந்திருக்கும். ஆளும் படகும் ஒரே உடம்பு. ஈட்டி, கயிறு எல்லாவற்றையும் மேல்தளத்தில் தோல் வார்களுக்கு அடியில் செருகி, எலும்பில் செய்த சின்னப் பட்டைகளை நகர்த்தி இறுக்கிவிடுவார்கள். குளிர்ந்த கடலில், கை நடுங்கும் நேரத்தில், ஒரே இழுப்பில் எடுக்க வேண்டிய பொருட்கள் அவை.

உள்ளே இருக்கும் காற்றுதான் படகு

கயாக்கை மிதக்க வைப்பது அதன் பிளாஸ்டிக்கோ ஃபைபரோ இல்லை. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. நீண்ட பயணத்துக்கான ஒரு கடல் கயாக்கின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 300 லிட்டருக்கு மேல். கடல் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. ஆக, பாதி நிரம்பினாலே இரண்டு பெரிய ஆட்கள் கூடுதலாக ஏறி உட்கார்ந்த கதைதான்.

இதனால்தான் இன்றைய கடல் கயாக்குகளில் உட்காரும் குழிக்கு முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைக்கிறார்கள். முன் அறை, பின் அறை, நடுவில் ஆள். பல படகுகளில் இருக்கைக்குப் பின்னால் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு சின்ன அறையும் உண்டு. ஒவ்வொரு அறைக்கும் மேலே இறுக்கமான ரப்பர் மூடி. ஹேட்ச் என்பார்கள். படகு கவிழ்ந்தால் நடுக்குழியில் மட்டும் தண்ணீர் புகும், மற்ற அறைகள் படகைத் தாங்கிப் பிடிக்கும்.

இது ரொம்பப் பழைய ஏற்பாடு இல்லை. 1975ஆம் ஆண்டு பிரிட்டனிலிருந்து காலின் மார்ட்லாக் தலைமையில் ஒரு குழு நார்வேயின் வடகோடிக்குக் கயாக்கில் போனது. அந்தப் பயணத்துக்காக ஃபிராங்க் குட்மேன் வடிவமைத்த படகுக்கு, போகும் இடத்தின் பெயரையே வைத்து நார்ட்கேப் என்று பெயரிட்டார்கள். தடுப்புச் சுவரும் வட்டமான ரப்பர் ஹேட்சும் பயணக் கயாக்குகளில் பரவியதில் அந்தப் படகுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன்பெல்லாம் காற்றடைத்த பைகளை உள்ளே திணித்துக்கொண்டு போவதே வழக்கம்.

தடுப்போ மூடியோ இல்லாமலும் கடல் கடந்தவர்கள் உண்டு. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரிலிருந்து ஒரு மடிப்புக் கயாக்கில் கிளம்பினார். மரச்சட்டம், மேலே ரப்பர் பூசிய துணி, அவ்வளவுதான் படகு. இந்தியக் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, ஏழு ஆண்டுகள் கழித்து 1939இல் ஆஸ்திரேலியப் பகுதியில் கரையேறினார். இறங்கியதும் கைது. அதற்குள் உலகப் போர் தொடங்கி, ஜெர்மானியர் எதிரி நாட்டுக்காரர் ஆகியிருந்தார். அந்தச் சாதனை பெரியதுதான். அதை வைத்து "அந்தக் காலத்துல எதுவுமே இல்லாம போகலையா?" என்று கேட்பதில் மட்டும் அர்த்தம் இல்லை.

தண்ணீர் நிரம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே ஒரு கசப்பான உதாரணம். 1993 மார்ச் 22 அன்று, பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்சியாளர்களுடன் லைம் ரீஜிஸ் ஊரிலிருந்து கயாக்கில் கிளம்பினார்கள். போக வேண்டியது சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த சார்மத் மட்டுமே. காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளியது. அலை ஏறிப் படகுகள் நிரம்பின, கவிழ்ந்தன. உதவி வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் இளைஞர்களைச் சாகசப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் 1995இல் வந்தது.

குறைகுடம் தளும்பும்

அடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது எடை எவ்வளவு என்பதைவிட, அது அசையுமா என்பதுதான். அசையாத 30 கிலோ பெரும்பாலும் நல்லதே செய்யும். அடியில் தாழ்வாக உட்கார்ந்து படகை நிதானமாக்கும். வெறும் படகில் தள்ளாடுகிறவர்கள்கூட, பாரம் ஏற்றியதும் "இப்ப எவ்வளவோ பரவாயில்லை" என்பார்கள். அதே 30 கிலோ உள்ளே உருண்டால் கதை வேறு. படகு இடது பக்கம் சாயும்போது பாரமும் இடது பக்கமே ஓடும். அதாவது கவிழ்க்க வந்த அலைக்கு நம் சாமானே கை கொடுக்கும்.

தண்ணீர் இதில் இன்னும் மோசம். குறைகுடம் தளும்பும் என்று சும்மாவா சொன்னார்கள்? பாதி காலியான 10 லிட்டர் கேன் ஒன்று உள்ளே இருந்தால், ஒவ்வொரு அலைக்கும் அதில் இருக்கும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். அதனால் கயாக்கில் கெட்டியான கேனைவிட மடங்கும் தண்ணீர்ப் பைகள் நல்லது. இரண்டு லிட்டர், நான்கு லிட்டர் அளவில் பல பைகள். குடிக்கக் குடிக்கக் காற்றை வெளியே பிதுக்கி மூடிவிட்டால் பை சுருங்கிக்கொள்ளும், தளும்ப இடம் இருக்காது. ஒரு பை கிழிந்தாலும் மொத்தத் தண்ணீரும் போகாது என்பது கூடுதல் லாபம். தீவில் குடிதண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு நாள் பயணம் என்றால் அறைகளில் பாதி காலியாக இருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. நாலு பையை உள்ளே போட்டு மூடியை அழுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காலி இடத்தில் காற்றடைத்த பையைத் திணித்து, சாமானை அசையாமல் நெருக்க வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நூறு லிட்டர் அறையில் 60 லிட்டர் இடத்தை நீர்புகாத பைகள் அடைத்திருந்தால், மூடி பிய்ந்தாலும் உள்ளே போகக்கூடிய தண்ணீர் 40 லிட்டர்தான். காலி அறை என்றால் நூறும் போகும்.

பாரம் முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன?

கனமானது நடுவில், தாழ்வாக. இலேசானது இரண்டு முனைகளில். அடிப்படை இவ்வளவே. தண்ணீர், டப்பா உணவு, அடுப்பு எல்லாம் தடுப்புச் சுவரை ஒட்டி, படகின் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். தூங்கும் பை, மாற்றுத் துணி முனைகளுக்கு. முனையில் கனம் இருந்தால் முன்பக்கம் அலை மேல் ஏறாது, அலைக்குள் குத்தும். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் அந்த முன்பக்கம் சுலபமாக எழ வேண்டும் என்பது எந்தப் படகுக்கும் பொதுவானது.

சரி, முன்னுக்கும் பின்னுக்கும் பாரத்தை எப்படிப் பிரிப்பது? இதை நிறையப் பேர் அழகுக்காகச் சொல்லும் விஷயம் என்று நினைக்கிறார்கள். வீடு திரும்புவதா இல்லையா என்பதே சில நேரம் இதில்தான் இருக்கிறது.

கயாக் முன்னோக்கிப் போகும்போது அதன் முன்பக்கம் கலங்காத தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் ஏற்கனவே கலங்கிய தண்ணீரில் இருப்பதால் பிடிமானம் குறைவு. பக்கவாட்டில் காற்று அடித்தால் பின்பக்கம் தள்ளப்படும். மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும். கோபுரத்து உச்சியில் சுழலும் காற்றுமானி மாதிரி. முன்பக்கம் அதிகப் பாரம் ஏற்றினால் இந்தக் குணம் முற்றும். நேர்க்கோட்டில் போகவே ஒரு பக்கத் துடுப்பை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும்.

பின்பக்கம் ரொம்பக் கனத்தாலோ எதிர்மாறாக நடக்கும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். படகு காற்று போகும் திசைக்கே திரும்பும். கரையிலிருந்து கடலுக்குள் காற்று வீசும் நாளில், கரையை நோக்கி மூக்கைத் திருப்பவே முடியாத நிலை வந்தால் யோசித்துப் பாருங்கள். அதனால் பொதுவாகச் சமமாக, அல்லது பின்பக்கம் ஒரு துளி கூடுதலாக இருக்கும்படி ஏற்றுவார்கள். பெரும்பாலான படகுகளில் பின்பக்க அடியில் ஸ்கெக் என்ற சிறிய துடுப்புத் தகடு உண்டு. அதை இறக்கினால் படகு காற்றை நோக்கித் திரும்புவது குறையும். ஆனால் கூழாங்கல் கரையில் இறங்கும்போது ஒரு கல் மாட்டிக்கொண்டால் அது இறங்காது. பாரத்தைச் சரியாக வைத்தவருக்கு அப்போதும் பெரிய கவலை இல்லை.

பையின் வாயை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும்?

ஹேட்ச் மூடி போட்டிருக்கிறதே, பிறகு எதற்கு நீர்புகாத பை? எந்த மூடியும் நூறு சதவீதம் நம்பத்தக்கதல்ல என்பதே பதில். ரப்பர் காய்ந்து வெடிக்கும், விளிம்பில் மணல் ஒட்டும். எனவே உள்ளே போகும் எல்லாம் டிரை பேக்கில் போக வேண்டும். காற்றைப் பிதுக்கிவிட்டு, வாயைக் குறைந்தது மூன்று முறை இறுக்கமாகச் சுருட்டிப் பிறகுதான் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரே மடிப்பில் மாட்டிய பை, மழைக்குத் தாங்கும். தண்ணீரில் மூழ்கினால் தாங்காது. தூங்கும் பைக்கும் மாற்றுத் துணிக்கும் இரட்டைப் பை போடுவதில் தப்பே இல்லை. ஸ்காட்லாந்துக் கடலில் கோடையிலேயே தண்ணீர் 12, 14 டிகிரிதான். நனைந்து கரையேறிய ஆளுக்கு அன்று இரவு காய்ந்த துணிதான் மருந்து.

பெரிய பை ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. வட்ட ஹேட்சின் வாய் 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். 40 லிட்டர் பை உள்ளே நுழையாது. 5, 8, 10 லிட்டர் அளவில் நீளமான ஒல்லிப் பைகள்தான் சரி. கூம்பு மாதிரி போகும் முனைக்குள் கை எட்டாது என்பதால், அங்கே போகும் பையில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியை ஹேட்ச் பக்கத்திலேயே விட்டுவைப்பார்கள். இழுத்தால் வந்துவிடும். இந்தக் கயிறு இல்லாமல் கரையில் ஒருவர் தோள் வரை கையை ஹேட்சுக்குள் விட்டுத் துழாவுவது, பக்கத்தில் நிற்பவர்களுக்கு நல்ல வேடிக்கை.

தடுப்புச் சுவரில் ஊசி ஓட்டை எதற்கு?

புதுக் கயாக் வாங்குகிறவர்கள் சிலர் தடுப்புச் சுவரில் ஊசி நுழையும் அளவு ஓட்டையைப் பார்த்துவிட்டு, உற்பத்திக் குறை என்று நினைத்து அடைத்துவிடுவது உண்டு. அடைக்கக் கூடாது. அது வேண்டுமென்றே போட்டது.

கரையில் வெயிலில் கிடக்கும் கயாக்கின் உள்ளே காற்று 50 டிகிரி வரை சூடாகலாம். அந்தப் படகைக் குளிர்ந்த கடலில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். 40 லிட்டர் காற்று 50 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறங்கினால் ஏறத்தாழ 5 லிட்டர் அளவுக்குச் சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். வழி இல்லாவிட்டால் ஹேட்ச் ரப்பர் உள்வாங்கும், விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எதிர்மாறாக, மூடி வைத்த படகு வெயிலில் காய்ந்தால் மூடி புடைத்துத் தெறித்துக்கொள்ளலாம், தடுப்புச் சுவரின் ஒட்டே விடலாம். அந்த ஊசி ஓட்டை காற்றை மட்டும் மெல்ல விட்டு வாங்கும். அதன் வழியே போகும் தண்ணீர் ஒரு மீட்பு முடியும் நேரத்துக்குள் சில துளிகளைத் தாண்டாது.

நம்ம ஊர் வெயிலுக்கு இது இன்னும் பொருந்தும். ராமேஸ்வரம் பக்கம் நண்பகலில் படகைக் கரையேற்றினால் ஹேட்ச் மூடியை லேசாகத் திறந்து வைப்பது நல்லது. கிளம்பும்போது மூட மறக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

காலடியில் ஒன்றும் வேண்டாம்

உட்காரும் குழிக்குள், பாதம் மிதிக்கும் பெடல்களுக்கு அப்பால் கொஞ்சம் இடம் இருக்கும். அதைப் பார்த்ததும் ஒரு பையைத் தள்ளி வைக்கத் தோன்றும். படகு கவிழும்போது அந்தப் பை நழுவிக் காலுக்குள் வரும். தலைகீழாக, தண்ணீருக்கு அடியில், காலை உருவிக்கொண்டு வெளியே வர வேண்டிய சில விநாடிகளில் காலைச் சுற்றி ஒரு வார் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. குழிக்குள் அவசியம் வைக்க வேண்டியது தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு, ஸ்பஞ்ச், ஒரு குடிநீர் பாட்டில். அதுவும் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொங்கும் கயிறு எதுவும் கூடாது.

மேல்தளத்தில் எலாஸ்டிக் கயிறுகள் இருக்கும். அவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. கரையில் கெட்டியாகப் பிடிப்பது போலத் தோன்றும். இடுப்பளவு அலை ஒன்று மேல்தளத்தை வழித்துக்கொண்டு போனால் செருப்பு, தொப்பி, பாட்டில் எல்லாம் அதோடு போகும். எலாஸ்டிக் இடத்தில் வைக்கத்தான் உதவும், இழக்காமல் இருக்கத் தனிக் கயிறு வேண்டும். மாற்றுத் துடுப்பு, வரைபடப் பை, துடுப்பு மிதவை ஆகியவை மட்டும் மேலே போதும். கூடாரத்தையும் பெட்டியையும் மேலே கட்டினால் படகின் கனம் உயரே ஏறுகிறது, காற்றுக்குப் பிடிகொடுக்கிறது. முக்கியமாக, கவிழ்ந்த படகை இன்னொருவர் தன் படகின் மேல் குறுக்கே இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்டித்தான் மீட்பார். மேல்தளம் முழுக்க மூட்டை இருந்தால் அந்த வேலையே நடக்காது.

இருக்கைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறை ஆசை காட்டும். பிஸ்கட், ஜாக்கெட் எல்லாம் அதில் வைக்கலாம்தான். ஆனால் அலையடிக்கும் கடலில் தனியாக இருக்கும்போது அந்த மூடியைத் திறப்பது, படகில் நாமே ஓட்டை போடுவதற்குச் சமம். பக்கத்தில் இன்னொரு படகு வந்து பிடித்துக்கொண்டால் மட்டும் திறக்கலாம். கிளம்பும் முன்பே அடுத்த இரண்டு மணி நேரத்துக்குத் தேவையானதைக் கைக்கருகே எடுத்து வைத்துக்கொள்வதே வழி.

டப்பா உணவும் திசைகாட்டியும்

பல கயாக்குகளில் திசைகாட்டி முன் ஹேட்சுக்குச் சற்று அருகில், மேல்தளத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு நேர் கீழே, தடுப்புச் சுவரின் மறுபக்கம், இரும்பு டப்பாக்களில் உணவையும் சமையல் பாத்திரத்தையும் அடுக்கினால் முள் திரும்பும். பனிமூட்டத்தில் கரை தெரியாமல், திசைகாட்டியை மட்டும் நம்பித் துடுப்புப் போடும்போது பத்து டிகிரி பிசகு போதும். ஆறு கிலோமீட்டர் கடந்தபின் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். தேடிப் போனது சின்னத் தீவு என்றால் அதைத் தாண்டியே போகலாம். சாமான் முழுக்க ஏற்றிய பிறகு, கரையிலேயே தெரிந்த ஒரு திசையை வைத்து முள்ளைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். இரும்பு, கத்தி, பேட்டரி, ஸ்பீக்கர் உள்ள கருவிகள் எல்லாம் பின் அறைக்கு.

எரிபொருளை உணவோடு வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெட்ரோல் வாசனை ஏறிய சாதத்தை நாலு நாள் சாப்பிட வேண்டியிருக்கும்.

ரேடியோவை எங்கே வைப்பது?

இவ்வளவு நேரம் பேசியது படகுக்குள் வைக்க வேண்டியவை பற்றி. படகுக்குள் வைக்கவே கூடாதவை சில இருக்கின்றன.

ஆண்ட்ரூ மெக்ஆலி என்ற ஆஸ்திரேலியர், 2007 ஜனவரி 11 அன்று டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கயாக்கில் கிளம்பினார். சுமார் 1,600 கிலோமீட்டர் திறந்த கடல். ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்து, நியூசிலாந்துக் கரையை நெருங்கிவிட்டார். பிப்ரவரி 9 அன்று அவரிடமிருந்து தெளிவில்லாத ஒரு ரேடியோ அழைப்பு வந்தது. மறுநாள் கயாக் கிடைத்தது, மிதந்துகொண்டிருந்தது. மெக்ஆலி கிடைக்கவே இல்லை. படகில் இருந்த அவருடைய கேமராப் பதிவுகள் மீட்கப்பட்டு, 'சோலோ' என்ற ஆவணப்படத்தில் இடம்பெற்றன.

அனுபவசாலியான அவரைக் குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. ஆனால் நல்ல கயாக் ஒன்று, சாமானோடு, ஆள் இல்லாமலேயே நன்றாக மிதக்கும் என்பதை அந்தச் சம்பவம் போலக் காட்டுவது வேறில்லை. கவிழ்ந்து வெளியே வந்தவர் படகைக் கைவிட்டால், காற்று அதை அவர் நீந்துவதைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும். அந்த நொடியிலிருந்து அவரிடம் இருப்பது உடம்பில் இருப்பது மட்டும்தான். ஹேட்சுக்குள் மூன்று மடிப்பு மடித்துப் பத்திரமாக வைத்த போனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் லைஃப் ஜாக்கெட்டின் பையில்தான் உதவி கேட்கும் கருவிகள் இருக்க வேண்டும். நீர்புகாத விஎச்எஃப் ரேடியோ, அவசரத்துக்கான 16ஆம் சேனலில் பேச. உடம்பில் மாட்டும் பீக்கன், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்ப. நீர்புகாத உறையில் போன். ஒரு விசில். பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்என்எல்ஐ, உதவி கேட்கும் கருவியைக் கைக்கு எட்டும்படி உடம்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்தியக் கடலில் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதைப் போனில் பதிந்து வைப்பது மட்டும் போதாது, நனைந்த விரலால் உறைக்கு மேலே அழுத்தி அந்த எண் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் போனால் விரல்கள் சொன்ன பேச்சு கேட்பது குறைந்துவிடும். ஜிப்பைத் திறக்கவே முடியாத நிலையில் உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்து என்ன?

ஜாக்கெட்டையே மூட்டையாக்கிவிடும் ஆட்களும் உண்டு. நாலு பையிலும் சாக்லேட், கத்தி, டார்ச், தண்ணீர் என்று அடைத்துக்கொண்டால், தண்ணீரிலிருந்து படகின் மேல் ஏறும்போது நெஞ்சு இடிக்கும், ஏறவே முடியாது. ஒரு கருவி, ஒரு மாற்று, ஒரு விசில். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் அது எதற்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கரையிலிருந்து இறங்கும் முன்

முழுக்க ஏற்றிய கயாக்கை இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. 25 கிலோ படகும் 50 கிலோ சாமானும் சேர்ந்தால் தூக்குகிறவர் முதுகும் போகும், படகின் நடுவும் வளையும். காலிப் படகைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோய், அங்கே வைத்து அடுக்குவதுதான் முறை. சின்னச் சின்னப் பைகள் முப்பது இருக்கும். அவற்றைக் கூடாரத்துக்கும் படகுக்கும் இடையே சுமக்க ஸ்காட்லாந்தில் பலர் ஐக்கியா கடையின் பெரிய நீலப் பையை மடித்து எடுத்துப் போகிறார்கள். நம்ம ஜவுளிக்கடை கட்டைப்பை அதே வேலையை அதைவிட நன்றாகச் செய்யும்.

கடைசியாக ஏற்றுவது முதலில் வெளியே வரும் என்பதால், மழை விரிப்பும் கூடாரமும் ஹேட்ச் வாய்க்குப் பக்கத்தில். எந்தப் பை எந்த அறையில், எந்த வரிசையில் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்தால், மறுநாள் காலையில் "நேத்து உள்ள போச்சே, இன்னைக்கு ஏன் போகல?" என்று கரையில் உட்கார்ந்து முழிக்க வேண்டாம்.

எல்லாம் ஏற்றி மூடிய பிறகு, முழங்கால் ஆழத்தில் படகை மிதக்க விட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், எந்த முனை தாழ்ந்திருக்கிறது என்று. பிறகு உட்கார்ந்து இடுப்பால் இரண்டு பக்கமும் பலமாக ஆட்டுங்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது, முட்டும் சத்தம் கேட்கக் கூடாது. முடிந்தால் பாரத்தோடு ஒருமுறை வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வந்து, திரும்ப ஏறிப் பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய படகு நிமிர்வதற்கு வெறும் படகைவிட மெதுவாகத்தான் வரும். அந்த வேகம் கைக்குப் பழக வேண்டும். ஆட்டும்போது எங்கேயாவது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டால், கிளம்ப எவ்வளவு நேரமாகியிருந்தாலும் சரி, கரைக்கு இழுத்து ஹேட்சைத் திறந்து, அது எது என்று பார்த்துவிட்டே போக வேண்டும்.